மலையிலிருந்து வெளிநாட்டுப் படிப்புக்கு: கொடைக்கானல், பழனிப் பிள்ளைகளுக்கு முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டுப் படிப்பு கொடைக்கானலுக்குப் புதிதல்ல. 1901இல் மிஷனரிமார் பிள்ளைகளுக்காக ஹைகிளார்க் என்ற பெயரில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். 1976இல் இந்தியாவிலேயே முதலாவதாக இன்டர்நேஷனல் பக்கலோரியட் (ஐ.பி.) பாடத்திட்டத்தைக் கொண்டுவந்ததும் அதுதான். அங்கே படிப்பவர்கள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போவது யாருக்கும் அதிசயமாகத் தெரிவதில்லை. ஆனால் பூம்பாறையிலோ மன்னவனூரிலோ வளர்ந்து, பழனியிலோ திண்டுக்கல்லிலோ டிகிரி படிக்கும் பிள்ளைக்கு வழி சொல்வது பெரும்பாலும் ஏஜென்ட் நோட்டீஸ்தான். இது அந்தப் பிள்ளைக்காக எழுதியது. டிகிரி இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள். கடைசி செமஸ்டரில் ஓடினால் எதுவும் நேரத்துக்குக் கைக்கு வராது.

படி 1: பெயரை ஒழுங்காக்குங்கள்

எல்லாக் காகிதத்துக்கும் முன்னால் நிற்பது பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக என்று நம் வீடுகளில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுங்கள். ஒன்றைக் காலியாக விட்டவர்களின் அமெரிக்க விசாவில் முதல் பெயருக்குப் பதிலாக 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும்; பிறகு ஒவ்வொரு கவுன்டரிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

திண்டுக்கல் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. மலையிலிருந்து போவோர் காலை நேரச் சந்திப்பு வாங்காதீர்கள். வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஒரு மரம் விழுந்தாலே அன்றைய நாள் போச்சு. கையோடு மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமோ மதுரை காமராசரோ, எதுவானாலும் அது ஒரு நாளில் கிடைக்கும் காகிதமல்ல.

படி 2: நாட்டைப் படிப்பு தீர்மானிக்கட்டும்

சித்தப்பா மகன் கனடாவில் இருக்கிறான் என்பதற்காகக் கனடா போகக் கூடாது. உங்கள் பட்டத்தை எந்த நாடு ஏற்கும் என்று முதலில் பாருங்கள். பி.ஏ., பி.எஸ்சி. மூன்றாண்டுப் படிப்பு. பிரிட்டனில் அதை வைத்து ஓராண்டு முதுகலையில் சேரலாம். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டம் கேட்கும். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் இதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே பாருங்கள், ஏஜென்டிடம் கேட்காதீர்கள். சில ஏஜென்டுகளுக்குக் கல்லூரிகளே கமிஷன் தருகின்றன. அவர்கள் சொல்லும் 'சிறந்த கல்லூரி' யாருக்குச் சிறந்தது என்று யோசிக்க வேண்டும்.

மருத்துவம் என்றால் இன்னும் கவனம் தேவை. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்கவும் நீட் தகுதி கட்டாயம். 2021 விதிகளின்படி அந்தப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் நடக்க வேண்டும், அங்கேயே 12 மாதம் பயிற்சியும் முடிக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியாது.

படி 3: பணக் கணக்கு

நம் பகுதியில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் விதிவிலக்கு: நம்மவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. 'இலவசம்' என்று கேட்டதும் வீட்டில் மகிழ்ந்துவிடுகிறார்கள். ஆனால் விசாவுக்கு முன் ஓராண்டுச் செலவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது, ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். அது உங்கள் பணம்தான், மாதம் 992 யூரோவாகத் திரும்ப வரும். ஆனாலும் முதலில் மொத்தமாக இருந்தாக வேண்டும். இதோடு, உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வேண்டும்.

கல்விக் கடன் கேட்டால் வங்கி 7.5 லட்சத்துக்கு மேல் பொதுவாக அடமானம் கேட்கும். வீட்டில் பூண்டு விளையும் இரண்டு ஏக்கர் இருக்கிறதே என்று பட்டாவைத் தூக்கிக்கொண்டு போனால் மேனேஜர் தலையை ஆட்டுவார். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டத்தின்கீழ் விவசாய நிலத்தைக் கோர்ட்டுக்குப் போகாமல் கைப்பற்ற முடியாது. அதனால் பல வங்கிகள் அதைக் கல்விக் கடனுக்கு ஏற்பதில்லை. நிபந்தனைப் பட்டா என்றால் பேச்சே வேண்டாம். வீட்டு மனை, வைப்புத்தொகை, எல்.ஐ.சி. பாலிசி ஆகியவற்றை முதலில் கணக்கெடுங்கள். வடுகபட்டி மண்டியில் அடுத்த மகசூலை நம்பி முன்பணம் வாங்கி இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து. பூண்டு விலை எப்போது விழும் என்று யாருக்குத் தெரியும்?

கடன் வாங்கும் முன் உதவித்தொகையைத் தேடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எரஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலை உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ உதவி, குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பு. பெரும்பாலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கும், நிலமில்லா விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், வயது 35க்குள், 60 சதவீத மதிப்பெண். பழங்குடியினருக்குத் தனித் திட்டம் இருக்கிறது. பளியர் குடும்பத்துப் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், எஸ்.டி. சான்றிதழ் தருவது தாசில்தார் அல்ல, ஆர்.டி.ஓ. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் உள்ளது.

படி 4: ஆங்கிலத் தேர்வு

ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும். தமிழ் வழியில் படித்தவர்களுக்குப் பேச்சுப் பகுதியைவிட எழுத்துப் பகுதிதான் காலை வாரும். தினம் ஒரு பக்கம் சொந்தமாக எழுதிப் பழகுங்கள்; மனப்பாடக் கட்டுரையைத் திருத்துபவர்கள் எளிதாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 5: போய்ச் சேர்ந்த பிறகு

குளிர் உங்களை வாட்டாது. மார்கழியில் மன்னவனூரில் உறைபனி பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஸ்வெட்டர் பழக்கமான உடுப்பு. வாட்டுவது இருட்டு. கொடைக்கானலில் டிசம்பரிலும் பதினொன்றரை மணி நேரம் பகல் உண்டு. பெர்லினில் எட்டு மணி நேரம்கூட இல்லை. மாலை நாலு மணிக்கே ராத்திரி. முதல் குளிர்காலத்தில் மனம் சோர்வது பலருக்கும் நேர்வது. பகல் வெளிச்சத்தில் வெளியே நடங்கள், வாரம் ஒருநாளாவது நாலு பேரோடு சேர்ந்து சமையுங்கள்.

வகுப்பறை வேறு மாதிரி. பல இடங்களில் பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். புத்தகத்திலிருந்து எடுத்த வரிக்கு மூலம் சொல்லாமல் விட்டால் அது திருட்டு. இங்கே கைடு நோட்ஸை அப்படியே எழுதி மார்க் வாங்கிய பழக்கம் அங்கே படிப்பையே பறித்துவிடும்.

பகுதிநேர வேலைக்கு வரம்பு உண்டு. ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள். அமெரிக்காவில் கல்லூரி நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம். அந்தச் சம்பளம் சாப்பாட்டுக்கு உதவும். கடனை அதில் அடைக்கலாம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். இறங்கிய வாரமே வெளியுறவு அமைச்சகத்தின் மடாட் இணையதளத்தில் பதிந்துகொள்ளுங்கள். 2022இல் உக்ரைனில் போர் மூண்டபோது எத்தனை பேர், எந்த ஊரில் என்று தெரிவதே பெரும்பாடாக இருந்தது.

மலையிலிருந்து ஏற்கெனவே போய் வந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லீவுக்கு வரும்போது படித்த பள்ளிக்கு ஒருமுறை போய்ப் பேசுங்கள். பனியில் எடுத்த போட்டோவோடு மாத வாடகை, கடன் தவணை ரசீதுகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.