வீட்டுத்தோட்ட நீர்வால்வுக்குக் கொள்ளளவி பொருத்துதல்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற நெருக்கமான பகுதிகளில் நிலம் அரிது. ஆதலால் அங்கு மொட்டைமாடியிலே சாடிகளிற் கத்தரி, மிளகாய், கீரை முதலியவற்றை வளர்ப்போர் உளர். இவற்றுக்கு வேளை தவறாது நீர் விடுதற்குத் தன்னியக்க வால்வு உதவும்.

காந்தம் பொருத்திய துடிப்பு வால்வு, திறக்கும்போதும் மூடும்போதும் மாத்திரமே ஒரு கணம் மிகுந்த மின்னோட்டத்தை வேண்டும். பின்னர் காந்தமே அதனை அந்நிலையில் நிறுத்தும். சிறிய மின்வழங்கி அக்கணத் தேவையைத் தாங்காவிடின் அழுத்தம் வீழும், வால்வு அசையாது. திறவாவிடிற் பயிர் வாடும். மூடாவிடின் இரவு முழுவதும் நீர் வீணாகும்.

இக்குறையை நீக்குவது கொள்ளளவியாகும். கொழும்பின் மாளிகாகந்தை நீர்த்தாங்கி, தேவை குறைந்த வேளையிற் சேர்த்த நீரைத் தேவை மிகுந்த வேளையில் வழங்குவதுபோல, கொள்ளளவியும் மின்னேற்றத்தை ஆறுதலாகச் சேர்த்து விரைவாக வழங்கும்.

வேண்டிய அளவைக் கணிக்கும் முறை

மின்னோட்டத்தை நேரத்தாற் பெருக்கி, அனுமதிக்கத்தக்க அழுத்த வீழ்ச்சியால் வகுக்க. உதாரணமாக, 12 வோல்ற்று வால்வுக்கு 2 அம்பியர் 0.02 செக்கனுக்கு வேண்டுமெனவும், 2 வோல்ற்று வீழ்ச்சி தகுமெனவும் கொள்வோம். விடை 0.02 பரட்டு, அதாவது 20,000 மைக்குரோபரட்டு. கொள்ளளவு நாளடைவிற் குறையுமாதலால் 33,000 மைக்குரோபரட்டு, 25 வோல்ற்றுக் கொள்ளளவியைத் தெரிதல் நன்று.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

1. வெறுமையான கொள்ளளவி தானே பெரும் மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே மின்வழங்கிக்கும் அதற்குமிடையே 47 ஓம், 5 உவாற்றுத் தடையைத் தொடராக இணைக்க. ஏற்ற மின்னோட்டம் ஏறத்தாழ 0.26 அம்பியரைத் தாண்டாது. கட்டுப்பாட்டுக் கருவிக்கான மின்னைத் தடைக்கு முன்னரே எடுக்க.

2. மீண்டும் நிரம்புவதற்கு ஏறத்தாழ 8 செக்கன் செல்லும். அதற்குள் மறு துடிப்பைச் செலுத்தலாகாது.

3. நேர், எதிர் முனைகளை மாற்றி இணைத்தாற் கொள்ளளவி வெடிக்கக்கூடும்.

4. வெப்பம் 10 பாகை செல்சியசு உயரின் அதன் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகும். எனவே வெயில் படாத நிழற்பெட்டியில் வைக்க.

5. பழுதுபார்க்குமுன் மின்னை நிறுத்தி, 1,000 ஓம் தடையைக் குறுக்கே இணைத்து 3 நிமிடம் விடுக. முனைகளைக் கம்பியால் நேரே தொடுப்பின் பொறி பறந்து கை சுடும்.

கொள்ளளவி கணநேரக் குறையை மாத்திரம் தீர்க்கும். இடைவிடாது ஓடும் நீர்ப்பம்பிக்கு வலுக்கூடிய மின்வழங்கியே வேண்டும்.