ஹெக்சேனோடு பழக வந்த பிள்ளைகளுக்கு

திண்டுக்கல் பக்கம் பூவிலிருந்து வாசனை எடுக்கும் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு, அதில் நாள் பல கழித்தவன் சொல்கிறேன்.

1. பூவின் மணத்தைக் கரைத்தெடுக்க நாம் பயன்படுத்தும் ஹெக்சேன் கச்சா எண்ணெயிலிருந்து வருவது. அதனால் முதலில் கச்சா எண்ணெயைத் தெரிந்துகொள்ளுங்கள். அது ஒரு பொருளல்ல. கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த எத்தனையோ பொருள்களின் கலவை. மணலி சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் அதைத்தான் பிரிக்கிறது. சுமார் 350 டிகிரிக்குக் காய்ச்சிக் கோபுரத்துக்குள் விடுவார்கள். அடி சூடு, உச்சி குளிர்ச்சி. ஆவி மேலே ஏற ஏற, ஒவ்வொன்றும் தன் கொதிநிலைக்கு ஏற்ற தட்டில் திரவமாகிவிடும். உச்சியில் சமையல் கேஸ், பிறகு நாப்தா, மண்ணெண்ணெய், டீசல். அடியில் தங்கும் கசடிலிருந்துதான் மதுரை ரோட்டுத் தார்.

2. அந்தக் கலவையில் உள்ள பியூட்டேனுக்கு 4 கார்பன், கொதிநிலை ஏறக்குறைய 0 டிகிரி. ஹெக்சேனுக்கு 6 கார்பன், 69 டிகிரி. ஆக்டேனுக்கு 8, 126 டிகிரி. கார்பன் சங்கிலி நீண்டால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கும், அதனால் கொதிநிலை ஏறும். இந்தக் காரணம் புரிந்தால் கொதிநிலை அட்டவணையை உருப்போட வேண்டாம்.

3. நம் ஹெக்சேன் அந்த நாப்தாவிலிருந்து வருவது. நிலக்கோட்டை மல்லிகையை நீராவியில் வடித்தால் மணம் கெடும். அதனால் ஹெக்சேனில் ஊறவைக்கிறோம். மணமும் பூவின் மெழுகும் கரைந்து வரும். பிறகு வெற்றிடத்தில், 69 டிகிரிக்கும் குறைந்த சூட்டில், ஹெக்சேனை ஆவியாக்கிக் குளிரவைத்துத் திரும்பப் பிடிக்கிறோம். மிஞ்சும் மெழுகுப் பதம்தான் கான்கிரீட். அதை ஆல்கஹாலில் கழுவி மெழுகை நீக்கினால் அப்சல்யூட். மணலியிலும் அடிக் கசடை வெற்றிடத்தில்தான் காய்ச்சுகிறார்கள். சூட்டை மேலும் ஏற்றினால் மூலக்கூறே உடைந்துவிடும். அங்கே எண்ணெய், இங்கே மணம். காக்கும் வழி ஒன்றே. எனக்கு இந்த ஒற்றுமை இன்றும் வியப்புத்தான்.

4. ஹெக்சேன் ஆவி காற்றைவிட 3 மடங்கு கனம். தரையோடு ஊர்ந்து குழியிலும் சாக்கடையிலும் தேங்கும். பூஜ்யத்துக்கு 20 டிகிரி கீழே இருந்தாலும் பொறி பட்டால் பற்றும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். பூ வாசத்தில் அதன் வாடை தெரியாமல் போகலாம், மூக்கை நம்பாதீர்கள். பீடியும் செல்போனும் கேட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

5. கைப் பிசுக்கை ஹெக்சேனால் கழுவாதீர்கள். நாள்பட்டு அதன் ஆவியைச் சுவாசித்தால் நரம்பு கெட்டு, விரல்கள் மரத்துப்போகும். கால் விரலில் மதமதப்புத் தட்டினால் அன்றே டாக்டரிடம் போங்கள். ஹெக்சேனில் வேலை செய்கிறேன் என்று நீங்களாகவே முதலில் சொல்லுங்கள்.