ராடார் படத்தில் கோவிலூர்

கோவிலூர்

அன்புள்ள தம்பிக்கு,

ஜி.பி.எஸ். ரிசீவருக்குத் தெரிந்தவை இரண்டே: தான் எங்கே இருக்கிறது, இப்போது மணி என்ன. புயல் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது வானிலை ராடார். இரண்டையும் ஒரே வரைபடத்துக்குக் கொண்டுவந்து, மழை மேகங்களின் நிறங்களுக்கு நடுவே நாம் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைப்பது லேப்டாப் மென்பொருளின் வேலை. அமெரிக்காவில் சூறாவளிகளைக் காரில் பின்தொடர்கிறவர்கள் இதற்கென்றே ஜிஆர்-லெவல்-3 போன்ற மென்பொருள்களை வைத்திருக்கிறார்கள். அந்நாட்டு ராடார்களின் எண்தரவு எல்லோருக்கும் இலவசம் என்பதால் அது முடிகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் பொதுமக்களுக்குக் கிடைப்பது படம். ஆகவே இங்கே சுலபமான வழி, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் அந்தப் படத்தை விரித்து, அதன் மேல் ஜி.பி.எஸ். புள்ளியை ஓடவிடுவது.

உள்நாட்டு ஊருக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கஜா புயலே பதில். 2018 நவம்பர் 16 அதிகாலை அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. கரையைக் கடந்த இடம் வடக்கே 10.45 பாகை, கிழக்கே 79.80 பாகை. கோவிலூரை அடுத்த காரைக்குடி இருப்பது ஏறக்குறைய 10.07, 78.78. நேர்கோட்டில் அளந்தால் 120 கி.மீ. போல வரும். கரையேறிய புயல் அங்கேயே அடங்காமல் மேற்கு, தென்மேற்காக உள்ளே வந்தது. தஞ்சை, புதுக்கோட்டைத் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததோடு நிற்கவில்லை, சிவகங்கை மாவட்டத்தையும் விடவில்லை. அப்படிப்பட்ட ராத்திரியில் "புயல் எங்கே" என்பதைவிட "இங்கிருந்து எத்தனை தொலைவு, எந்தப் பக்கம்" என்பதே முக்கியமான கேள்வி.

புள்ளி திரையில் வரவில்லை என்றால் பலரும் மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை. வானம், கருவி, கம்பி, போர்ட், எழுத்து வேகம், கடைசியில் மென்பொருள் என்று கீழிருந்து மேலே போய்ப் பார்ப்பதே முறை.

முதலில் வானம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அவ்வளவு தூரம் வரும் அலை மிக மெலிந்தது. கான்கிரீட் கூரையையும் கனமான சுவரையும் ஊடுருவாது. இடத்தைக் கணக்கிடக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களாவது ரிசீவருக்குத் தெரிய வேண்டும். கோவிலூர், காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் கூரைக்குக் கீழுள்ள பட்டாலையில் வைத்தால் ஒன்றும் வராது. முற்றத்தில் வைத்தால் வரும், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. நான்கு பக்கமும் முற்றத்தைச் சுற்றியுள்ள வளவின் கூரை மறைப்பதால் தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக்கோள்கள் மட்டுமே தெரியும். அவை ஒரே பக்கமாகக் குவிந்திருப்பதால் கணக்கில் பிழை பெருகும். எச்டிஓபி என்று மென்பொருள் காட்டும் எண் இந்தக் குவிதலின் அளவு. 1 அல்லது 2 என்றால் நல்லது, 5-க்கு மேல் போனால் புள்ளியை நம்ப வேண்டாம். முற்றத்துக்கு இரும்புக் கம்பியும் தகடும் போட்டு மூடியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். மொட்டை மாடிதான் சரியான இடம். கருவியை அங்கே வைத்துக் கம்பியைக் கீழே இறக்கலாம் என்று தோன்றும்; யு.எஸ்.பி. கம்பி 5 மீட்டருக்கு மேல் நீண்டால் கருவியை லேப்டாப் அறியாமல் போகலாம். அதற்கு மேல் வேண்டுமானால் உள்ளே மின்சுற்று வைத்த நீட்டிப்புக் கம்பி தேவை.

முற்றத்திலும் நன்றாகக் கிடைக்கும் அலை ஒன்று உண்டு. இந்தியாவின் ககன் அமைப்பு ஜி.பி.எஸ்ஸின் பிழைகளைத் திருத்தும் தகவலைப் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் வழியாக அனுப்புகிறது. அவற்றுள் ஒன்றான ஜிசாட்-10 கிழக்கு 83 பாகைக்கு மேலே நிற்கிறது. காரைக்குடியிலிருந்து பார்த்தால் அது கிட்டத்தட்ட உச்சியில், சற்றுத் தெற்கே சாய்ந்து இருக்கும். ரிசீவரின் செயற்கைக்கோள் பட்டியலில் 40, 41 என்ற எண்கள் தெரிந்தால் அவை ககனுடையவை.

கருவியைப் புதிதாக ஓடவிட்டதும் புள்ளி வராததைக் கண்டு பதற வேண்டாம். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை வினாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில்தான் அனுப்புகிறது. அந்த விவரம் ஒரு சுற்று வர 30 வினாடி. எல்லாச் செயற்கைக்கோள்களின் பொதுப் பட்டியல் முழுவதும் வர பன்னிரண்டரை நிமிடம். நீண்ட நாள் பெட்டியில் கிடந்த கருவியை வெட்டவெளியில் கால் மணி நேரம் சும்மா விட்டுவிடுவது நல்லது. மழை மேகம் இந்த அலையை மறைப்பதில்லை. ஆனால் பொழுது சாய்ந்தபின் சில மாதங்களில், குறிப்பாக மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும், புள்ளி ஆடலாம். பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போவதால் மேல்வளிமண்டலத்தின் மின்னடுக்கு இங்கே அப்போது குழம்புகிறது.

அடுத்தது போர்ட். யு.எஸ்.பி.யில் செருகினாலும் ஜி.பி.எஸ். ரிசீவர் உள்ளுக்குள் பழைய சீரியல் முறையில்தான் பேசுகிறது. இடையில் உள்ள ஒரு சிப் அதை மாற்றிக் கொடுக்கிறது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து "போர்ட்ஸ்" என்ற தலைப்பின் கீழ் காம்-3, காம்-7 என்று புதிய எண் ஒன்று வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவியைப் பிடுங்கினால் அந்த எண் மறைய வேண்டும், செருகினால் திரும்பி வர வேண்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மஞ்சள் முக்கோணத்தோடு "கோடு 10" என்று வந்தால், புரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்-2303 வகைப் பழைய சிப்போ அதன் போலியோ உள்ளே இருக்கக்கூடும். புதிய டிரைவர் அவற்றை ஏற்பதில்லை. பழைய டிரைவரைத் தேடிப் போட வேண்டும், அல்லது வேறு கருவி. யூப்ளாக்ஸ் சிப் உள்ள ரிசீவர்களை விண்டோஸ் சில சமயம் போர்ட்டாக வைக்காமல் "இருப்பிட உணரி" என்ற வகையில் தானாகச் சேர்த்துவிடும். அப்போது போர்ட் எண்ணே இராது. டிரைவரை "யு.எஸ்.பி. சீரியல் டிவைஸ்" என்று கையால் மாற்றினால் எண் தோன்றும். கார்மின் கைக்கருவிகளின் கதை வேறு. யு.எஸ்.பி. வழியே அவற்றுள் பல தமக்கே உரிய மொழியில் பேசுவதால், ஸ்பேனர் போன்ற மாற்றி நிரல் இல்லாமல் போர்ட் கிடைக்காது. லினக்ஸில் டிரைவர் தொல்லை குறைவு. பயனரை "டயல்அவுட்" குழுவில் சேர்க்க மறந்தால் மட்டும் அனுமதி மறுக்கப்படும்.

கருவியைச் செருகியபடியே விண்டோஸைத் தொடங்கினால் சில லேப்டாப்களில் மவுஸ் அம்புக்குறி பேய் பிடித்ததுபோல் திரையெங்கும் ஓடும். வைரஸ் என்று பயந்து கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடத் தேவையில்லை. ஓயாமல் வரும் ஜி.பி.எஸ். எழுத்துகளைப் பழைய சீரியல் மவுஸ் என்று விண்டோஸ் தவறாக எடுத்துக்கொண்டதால் வரும் கூத்து அது. டிவைஸ் மேனேஜரில் "சீரியல் பால்பாயிண்ட்" என்ற மவுஸை முடக்கினால் நின்றுவிடும்.

போர்ட் கிடைத்ததும் புயல் மென்பொருளைத் திறக்கக் கை துடிக்கும். அதற்கு முன் ஒரு டெர்மினல் நிரலில் அந்தப் போர்ட்டைத் திறந்து, வரும் எழுத்துகளைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். மொத்த வேலையில் இந்த இரண்டு நிமிடத்துக்கு ஈடாக எதுவும் இல்லை. ரிசீவர்கள் பேசும் பொது மொழி என்எம்இஏ-0183. அதன் இயல்பான வேகம் வினாடிக்கு 4800 பிட். இப்போதைய கருவிகள் பல 9600-இல் அனுப்புகின்றன. வேகம் தவறினால் கிறுக்கல் எழுத்துகள் வரும். ஒன்றுமே வராவிட்டால் போர்ட் எண் தவறு. போர்ட்டைத் திறக்கவே விடவில்லை என்றால் வேறொரு நிரல் அதை முன்பே பிடித்துவைத்திருக்கிறது. விண்டோஸில் ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்கலாம். இரண்டு மென்பொருளுக்கும் ஒரே ரிசீவர் வேண்டுமானால் ஜிபிஎஸ்-கேட் போன்ற பகிர்வு நிரலும், லினக்ஸில் ஜிபிஎஸ்டியும் உதவும்.

சரியாக அமைந்தால் டாலர் குறியில் தொடங்கி, காற்புள்ளிகளால் பிரிந்து, நட்சத்திரக் குறியும் அதன்பின் இரண்டு எழுத்துமாக முடியும் வரிகள் வினாடிக்கு ஒரு முறை ஓடும். அவற்றில் ஆர்எம்சி என்ற வரி போதும். முதலில் நேரம்; அது உலகப் பொது நேரம் என்பதால் ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். அடுத்து ஒற்றை எழுத்து: "ஏ" என்றால் இடம் கிடைத்துவிட்டது, "வி" என்றால் இன்னும் இல்லை. "வி" வந்துகொண்டிருக்கும்போது போர்ட்டையும் டிரைவரையும் நோண்டிப் பயனில்லை. கருவியை மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு அட்சரேகை 1004.2000, தீர்க்கரேகை 07846.8000 என்பதுபோல் எண்கள். வேகம் "நாட்" என்ற அலகில் இருக்கும், 1.852-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும்.

அந்த எண்களில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 1004.2 என்பது 10 பாகை 4.2 கலை (ஒரு கலை பாகையில் அறுபதில் ஒரு பங்கு), தசமத்தில் 10.07 பாகை. அதைப் பிரிக்காமல் 10.042 என்று எடுத்தால் புள்ளி 3 கி.மீ. தெற்கே நகரும். தீர்க்கரேகையில் அதே தவறு செய்தால் 78.78 இருக்க வேண்டிய இடத்தில் 78.468 வரும். காரைக்குடியில் உட்கார்ந்திருப்பவரின் புள்ளி திருப்பத்தூரையும் தாண்டி மேற்கே 34 கி.மீ. தள்ளி நிற்கும். மென்பொருள்கள் இதைத் தாமே சரியாகச் செய்துவிடும். எண்ணைக் கையால் உள்ளிடும்போதும் சொந்தமாக நிரல் எழுதும்போதும்தான் ஆபத்து. இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டால் கிடைப்பது இன்னும் வேடிக்கை. வடக்கு 78.78, கிழக்கு 10.07 என்ற இடம் ஆர்க்டிக் கடலில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தை ஒட்டி விழும். இந்தியா 2008-இல் திறந்த ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அங்கிருந்து ஏறக்குறைய 40 கி.மீ.தான்.

எழுத்துகள் ஒழுங்காக வந்தும் மென்பொருள் மௌனமாக இருந்தால் இரண்டு காரணங்களைப் பார்க்கலாம். புதிய ரிசீவர்கள் ஜி.பி.எஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ் போன்றவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவதால், வரியின் தொடக்கத்தில் "ஜிபி" என்பதற்குப் பதில் "ஜிஎன்" என்று எழுதும். பழைய மென்பொருளுக்கு அந்த முன்னெழுத்து தெரியாது. ரிசீவரை ஜி.பி.எஸ். மட்டும் பயன்படுத்துமாறு மாற்றினால் தீரும். இன்னொன்று தேதி. ஜி.பி.எஸ். வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒரு முறை மறுபடி சுழியத்தில் தொடங்கும். கடைசியாக அப்படி நடந்தது 2019 ஏப்ரலில். பழைய கருவிகள் சில அதன்பின் இருபது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகப் பின்னே போன தேதியைக் காட்டுகின்றன. இடம் சரியாகவே இருக்கும், ஆனால் தேதியை ஒப்பிடும் மென்பொருள் அதைப் பழைய தகவல் என்று தள்ளிவிடலாம்.

இனி ராடார் படம். செட்டிநாட்டுக்குக் கைகொடுப்பது காரைக்கால் ராடார். சென்னை ராடார் இங்கிருந்து 370 கி.மீ. அளவில் தொலைவில் இருப்பதால் பயனில்லை. படத்தைக் கியூஜிஐஎஸ்ஸின் ஜியோரெஃபரென்ஸர் கருவியில் திறந்து, ராடாரின் மையம், கோடியக்கரை முனை, பாம்பன் என ஒன்றுக்கொன்று எட்டியிருக்கும் இடங்களைக் குறித்து, அவற்றின் பாகைகளைக் கொடுக்க வேண்டும். எல்லாப் புள்ளிகளும் ஒரே மூலையில் இருந்தால் மறுமூலை கோணிப்போகும். படத்தின் அளவும் அமைப்பும் மாறாத வரை அந்தக் கணக்கையே அடுத்தடுத்த படங்களுக்கும் பயன்படுத்தலாம். அதன்பின் மென்பொருளின் ஜி.பி.எஸ். அமைப்பில் போர்ட் எண்ணைக் கொடுத்து இணைத்தால் கோவிலூர்ப் புள்ளி படத்தின் மேல் வந்து உட்காரும்.

வந்த புள்ளி துல்லியமாக இருப்பதாலேயே மழையின் நிறமும் அவ்வளவு துல்லியம் என்று எண்ணிவிடக் கூடாது. காரைக்காலிலிருந்து காரைக்குடி ஏறக்குறைய 150 கி.மீ. ராடார் கற்றையை அரைப் பாகை உயர்த்தி அனுப்பினால், பூமியின் வளைவையும் சேர்த்து, இங்கே அது தரைக்கு மேல் 2.6 கி.மீ. உயரத்தில் கடக்கிறது. அதற்குக் கீழே நடப்பதை அது பார்ப்பதில்லை. படத்தில் சிவப்பாகத் தெரிந்தும் தரையில் தூறலே விழும் நாளும் உண்டு. ஒரு சுற்றுக்குச் சுமார் பத்து நிமிடம் ஆகும். படம் தளத்துக்கு வந்து சேர இன்னும் கொஞ்சம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நகரும் இடிமழை அந்தப் பத்து நிமிடத்துக்குள் 7 கி.மீ. போயிருக்கும். புள்ளி இந்த நொடியைக் காட்டுகிறது, படமோ மேகம் முன்பு நின்ற இடத்தைக் காட்டுகிறது. படத்தின் மூலையில் உள்ள நேரத்தை முதலில் படிக்க வேண்டும். அது உலகப் பொது நேரமா, நம் நேரமா என்பதையும்.

பெரும்புயல் அடிக்கும்போது மின்சாரமும் செல்போன் கோபுரமும் முதலில் விழும். அப்போது ஜி.பி.எஸ். மட்டும் வேலை செய்யும். அதற்கு இணையம் தேவையில்லை. திரையில் புள்ளி வழக்கம்போல் துடிக்க, அடியில் இருப்பது இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய படமாக இருக்கும். அந்நிலையில் பழைய படத்தை அணைத்துவிட்டு, பேட்டரி வானொலியில் சொல்லப்படும் புயல் மையத்தின் பாகைகளை வரைபடத்தில் கையால் குறிப்பது மேல். வரைபடக் கோப்புகளை முன்கூட்டியே லேப்டாப்பில் இறக்கி வைத்திருக்க வேண்டும். அறிவிப்புகளில் மையம் பொதுவாகப் பாகையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் சொல்லப்படும். அது தரையில் 11 கி.மீ. ஆகவே அந்த மையத்தைப் புள்ளியாக வைக்காமல் 11 கி.மீ. அகல வட்டமாக வரைந்து, அதன் அருகோரத்திலிருந்து கோவிலூருக்குத் தூரத்தை அளக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்