கொழுந்துக் கூடையும் படக்கருவியும்

கேமரன் மலையில் திரிங்காப்பைக் கடந்து தேயிலைத் தோட்டங்களைக் காண வருவோர் முதலில் செய்வது, கைப்பேசியை எடுத்துப் படம் பிடிப்பதுதான். பசுஞ்சரிவும் பனிமூட்டமும் படத்தில் விழும். சில வேளைகளில், வேலையில் மூழ்கியிருக்கும் தொழிலாளி ஒருவரும் விழுவார். அவருடைய பெயரைக் கேட்போர் அரிது.

படம் எடுப்பவருக்கும் படத்தில் இருப்பவருக்கும் உள்ள உறவைப் பற்றி, இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலம் நமக்கு இரண்டு கதைகளை விட்டுச் சென்றுள்ளது. ஒன்று பாரிசில் நடந்தது, மற்றொன்று இலங்கையில்.

பாரிசில் 'கிகி' என்று அழைக்கப்பட்ட அலிஸ் பிரின், வறுமையில் பிறந்து பாட்டியிடம் வளர்ந்தவர். ஓவியர் பலர் அவரைப் பார்த்து வரைந்தனர். ஒளிப்படக் கலைஞர் மேன் ரே அவரைப் பல படங்கள் எடுத்தார். கதையை ஒதுக்கிவிட்டு, காட்சிகளின் ஓட்டத்தையே கலையாக்க முயன்ற பரிசோதனைத் திரைப்படங்களிலும் கிகி தோன்றினார். 1924இல் வெளிவந்த 'பாலே மெக்கானிக்' அவற்றுள் ஒன்று. ஆனால், அவர் பிறர் பார்க்கும் முகமாக மட்டும் இருந்துவிடவில்லை. தாமும் ஓவியம் தீட்டினார். 1929இல் தம் வாழ்க்கை நினைவுகளை நூலாக வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதியவர் எர்னெஸ்ட் ஹெமிங்வே.

இலங்கைக் கதை வேறு. தேயிலை விற்பனையைப் பெருக்குவதற்காக அமைந்த வாரியம் ஒன்று, இலங்கையைப் பற்றிப் படங்கள் எடுக்கப் பணம் கொடுத்தது. 1934ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பேசில் ரைட் என்ற ஆங்கிலேயர் படக்கருவியுடன் அங்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 26. நான்கு குறும்படங்கள் எடுக்கப் போனவர், நான்கு பகுதிகள் கொண்ட ஏறத்தாழ 40 நிமிடப் படத்தை உருவாக்கினார். அதுவே 'சாங் ஆஃப் சிலோன்'.

அக்காலத்தில் திரைப்படம் பேசத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. திரையில் வாய் அசைந்தால் பேச்சுக் கேட்க வேண்டும் என்பதே பலரின் எண்ணம். ரைட், காட்சியையும் ஒலியையும் பிரித்துவிட்டார். 'வணிகத்தின் குரல்கள்' என்னும் மூன்றாம் பகுதியைப் பாருங்கள். ஒருவர் தென்னை மரத்தில் ஏறுகிறார். பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். நம் காதிலோ சந்தை விலை நிலவரமும், யாரோ சொல்லச் சொல்ல எழுதப்படும் வணிகக் கடிதமும் ஒலிக்கின்றன. விளக்கம் எதுவும் இல்லை. பறிக்கும் கை ஓரிடத்தில். விலை பேசும் வாய் வேறிடத்தில். அந்த இடைவெளியைப் பார்ப்பவரே உணர வேண்டும். தேயிலை விற்கக் கொடுத்த பணத்தில் இப்படியொரு படம் பிறந்தது வியப்புதான்!

படத்தின் வருணனைக் குரல் கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட் என்பவருடையது. பியானோ இசைக் கலைஞராகவும் ஒளிப்படக் கலைஞராகவும் விளங்கிய அவர், கண்டி மன்னரிடம் ஏறத்தாழ 19 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த இராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து பகுதிகளை வாசித்தார். 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் படம் முதல் பரிசு பெற்றது. வென்டின் பெயரில் இன்றும் கொழும்பில் ஒரு கலை அரங்கம் உள்ளது.

இலங்கைத் தேயிலை மலைகளில் அன்று உழைத்தோருள் மிகப் பெரும்பாலோர், தமிழகத்திலிருந்து சென்றவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களும் ஆவர். மலாயாவின் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரைப் போன்றவர்களே அவர்கள். படத்தில் இடம்பெற்ற பெண்களின் விரல்களில் அத்தனை விரைவு. கண்கள் செடியைவிட்டு அகலுவதில்லை. அந்தக் காட்சிகள் இல்லையென்றால் படத்தின் மூன்றாம் பகுதியே வெறும் இரைச்சலாகியிருக்கும். படத்தின் பெயர்ப்பட்டியலில் இயக்குநர், தயாரிப்பாளர், இசையமைப்பாளர் பெயர்கள் உள்ளன. கொழுந்து பறித்த பெண்களுள் ஒருவர் பெயரும் இல்லை.