சுகாதார ஆய்வு: சான் பிரான்சிஸ்கோ வணிகர்கள் கற்ற பாடம்

உணவுப் பாதுகாப்பு அலுவலரோ மாநகராட்சி சுகாதார ஆய்வாளரோ கடை வாசலில் வந்து நின்றால் நம்மில் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. எந்த ஆய்வை எதிர்க்க வேண்டும், எதற்குத் துணை நிற்க வேண்டும் என்று நாம் பிரித்தறிய, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்தது நமக்கு நல்ல பாடம்.

மளிகைக் கடைக்காரரின் வழக்கு

1900 மார்ச் 6 அன்று அந்நகரில் சீனர்கள் வாழ்ந்த சைனாடவுன் பகுதியில், ஒரு விடுதியின் நிலவறையில் தங்கியிருந்த தொழிலாளி இறந்துகிடந்தார். பிளேக் என்ற ஐயம் எழுந்தது. உடனே அப்பகுதி முழுவதையும் கயிறு கட்டி அடைத்தார்கள். சில நாட்களில் தடையை நீக்கினாலும், மே மாத இறுதியில் மீண்டும் அடைத்தார்கள்.

அங்கே மளிகைக் கடை வைத்திருந்தவர் ஜூ ஹோ. வாடிக்கையாளர் கடைக்கு வர வழியில்லை. அவர் நீதிமன்றம் சென்றார். எல்லைக்கோடு சீனர் அல்லாதவர்களின் கட்டடங்களை விட்டு வளைந்து வளைந்து செல்வதை நீதிபதி மாரோ கண்டார். நோய் கண்ட வீட்டைத் தனிமைப்படுத்தலாம். ஆயிரக்கணக்கானோரை ஒன்றாக அடைத்தால் நோய் பரவத்தான் செய்யும் என்று கூறி, 1900 ஜூனில் தடையை நீக்க உத்தரவிட்டார்.

மூடி மறைத்ததால் வந்த வினை

ஆனால் நகரின் பெரிய வணிகர்கள் வேறு தவறு செய்தார்கள். பிளேக் என்று வெளியே தெரிந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று அஞ்சி, நோயே இல்லை என்றார்கள். மாநில ஆளுநரும் அதையே சொன்னார். முடிவில், கலிபோர்னியா சரக்குக்குத் தடை விதிக்கலாமா என்று மற்ற மாநிலங்கள் யோசிக்கும் நிலை வந்தது. 1903இல் வணிக அமைப்புகள் சுகாதாரத் துறைக்குத் துணை நின்றன.

டாக்டர் ரூபர்ட் புளூ தலைமையில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. உளுத்த மரக்கட்டுமானங்கள் அகற்றப்பட்டன. நிலவறைகளுக்குக் கான்கிரீட் தளம் போடப்பட்டது. 1904இல் நோய் அடங்கியது. அதற்குள் நூறு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள்.

எலிக்கு இன்னார் இனியார் இல்லை

1906 ஏப்ரல் 18 நிலநடுக்கம் நகரைத் தரைமட்டமாக்கியது. சாக்கடைகள் உடைந்தன, குப்பை குவிந்தது. 1907இல் பிளேக் மீண்டும் வந்தது. இம்முறை அது சைனாடவுனில் அல்ல, நகரெங்கும் பரவியது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள்!

எலியின் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்று 1898இல் கராச்சியில் சிமோன் என்ற மருத்துவர் காட்டியிருந்தார். பம்பாயில் 1905 முதல் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. எனவே புளூ எலிக்கு இரை கிடைக்காமல் செய்வதில் கவனம் வைத்தார். 1908இல் குடிமக்கள் சுகாதாரக் குழு அமைந்தது. வணிகர்கள் பணம் கொடுத்தார்கள். தங்கள் கடைகளையும் சீர்செய்தார்கள். மூடியுள்ள உலோகக் குப்பைத் தொட்டி வந்தது. அவ்வாண்டே நோய் ஒழிந்தது.

நாம் செய்ய வேண்டியவை

1. மூட்டைகளைத் தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குவோம்.

2. சிந்திய தானியத்தை இரவே கூட்டி, மூடியுள்ள தொட்டியில் போடுவோம்.

3. எலி வளைகளைச் சிமெண்ட் பூசி அடைப்போம். எலிக்காய்ச்சல் இன்றும் உயிரைக் குடிக்கும் நோய்தான்.

4. ஆய்வில் குறை சொன்னால் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவோம். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று நடந்தால், ஜூ ஹோ போலச் சட்டப்படி எதிர்ப்போம். நியாயமான குறையென்றால் அன்றே சரிசெய்வோம்.

வாடிக்கையாளர் நம்மிடம் வாங்குவது சரக்கை மட்டும் அல்ல, நம்பிக்கையையும்தான். அதை மூடி மறைத்துக் காப்பாற்ற முடியாது. சுத்தமாக வைத்துத்தான் காப்பாற்ற முடியும்.