தந்தையும் தலைவரும்: கிறிஸ்தவ மரபில் இறைவனை அழைக்கும் முறை

இறைவனைப் பற்றிப் பேசும்போது பயபக்தி வேண்டும் என்பதில் எந்தச் சமயத்தினருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பயபக்தி என்பது எதில் உள்ளது? ஆளும் சொல்லிலா, குரலின் பணிவிலா, பேசுபவனின் உள்ளத்திலா? கிறிஸ்தவ மரபு இரண்டாயிரம் ஆண்டுகளாக இவ்வினாவை எதிர்கொண்டு வந்துள்ளது. அது கண்ட விடைகள் எந்த நெறியில் செல்லும் சாதகருக்கும் பயன் தருபவை.

திருப்பெயரின் புனிதம்

இயேசுநாதர் பிறந்த யூத சமுதாயத்தில் இறைவனின் திருப்பெயர் நான்கு மெய்யெழுத்துகளால் எழுதப்பட்டது. ஆனால் பொதுவாக வாயால் உச்சரிக்கப்படவில்லை. மறைநூலை ஓதுபவர் அப்பெயர் வரும் இடத்தில் 'அதோனாய்', அதாவது 'என் தலைவர்' என்று ஓதுவார். புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மொழியில் எழுதியவர்களும் அவ்வழியிலேயே 'கூரியோஸ்', அதாவது 'ஆண்டவர்' என்ற சொல்லைக் கையாண்டனர். இருபதாம் நூற்றாண்டில் சில மொழிபெயர்ப்புகளிலும் பாடல்களிலும் 'யாவே' என்ற உச்சரிப்பு இடம்பெறலாயிற்று. வழிபாட்டில் அவ்வாறு உச்சரிப்பதைத் தவிர்க்குமாறு 2008-இல் வாடிகனின் வழிபாட்டுப் பேராயம் ஆயர் பேரவைகளுக்கு எழுதியது.

திருப்பெயரை வீணாக எடுத்தாளலாகாது என்பது பத்துக் கட்டளைகளுள் ஒன்று. கோபத்திலும் சலிப்பிலும் இறைவன் பெயரைச் சொல்வதையே இக்கட்டளை தடுப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் மூலத்திலுள்ள எபிரேயச் சொல்லுக்கு வெறுமை, பொய் என்னும் பொருள்களும் உண்டு. பொய்ச் சத்தியத்திற்கு இறைவனைச் சாட்சியாக அழைப்பதும், தன் விருப்பத்தையே இறைவனின் விருப்பம் என்று அறிவிப்பதும் இதனுள் அடங்கும். நாவின் கவனக்குறைவைவிட உள்ளத்தின் வஞ்சகமே பெரிய அவமதிப்பாகும்.

'அப்பா' என்னும் அழைப்பு

இத்தகைய மரபில் பிறந்த இயேசுநாதர் கெத்சமனே தோட்டத்தில், மரணத்தின் நிழலில் நின்று, இறைவனை 'அப்பா' என்று அழைத்தார். இது அவர் பேசிய அரமேய மொழிச் சொல். மாற்கு நற்செய்தி இதனை அப்படியே பாதுகாத்துள்ளது.

ஜெர்மானிய அறிஞர் யோவாக்கிம் ஜெரமியாஸின் ஆய்வுகளை ஒட்டி, இது குழந்தையின் மழலைச் சொல் என்ற கருத்து பரவியது. அவ்வாறு கொள்வது பொருந்தாது என்று ஜேம்ஸ் பார் என்ற அறிஞர் 1988-இல் எடுத்துக்காட்டினார். வளர்ந்த மக்களும் தந்தையை அவ்வாறே அழைத்தனர். தமிழருக்கு இதில் வியப்பில்லை. அறுபது வயது மகனும் தந்தையை 'அப்பா' என்றுதான் அழைக்கிறான். அவ்வழைப்பில் உரிமையும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. இயேசுநாதர் சீடர்களுக்குக் கற்பித்த பிரார்த்தனையும் இவ்வாறே அமைந்துள்ளது. அது 'தந்தையே' என்ற உரிமையுடன் தொடங்குகிறது. அவரது பெயர் புனிதமாகப் போற்றப்பட வேண்டும் என்பதையே முதல் வேண்டுதலாக வைக்கிறது.

சொல் மாறும், பாவம் நிலைக்கும்

சொல்லின் வடிவத்தைக் கொண்டு மட்டும் பக்தியை அளந்துவிட முடியாது. ஆங்கிலத்தில் 'தௌ' என்பது 'நீ' என்னும் ஒருமைச் சொல். டிண்டேல் 1526-இல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டிலும், 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பிலும் இறைவனுக்கும் பிச்சைக்காரனுக்கும் அச்சொல்லே வழங்கியது. பிற்காலத்தில் அன்றாடப் பேச்சிலிருந்து அது மறைந்து, பிரார்த்தனையில் மட்டும் எஞ்சியது. எனவே, நெருக்கத்தைக் காட்டிய சொல்லே மிக உயர்ந்த மரியாதைச் சொல்லாகத் தோன்றலாயிற்று! பிரெஞ்சு மொழியிலோ, கத்தோலிக்கர்கள் மரியாதைப் பன்மையில் சொல்லிவந்த அதே பிரார்த்தனை 1966-இல் ஒருமைக்கு மாறியது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இறைவனை 'நீர்' என்கின்றனர். தேவாரத்திலும் திருவாசகத்திலும் 'நீ' என்ற விளி மிகுதி. இவற்றுள் எதுவும் பக்தியில் குறைந்ததன்று.

யோபுவும் நண்பர்களும்

பைபிளில் இவ்வினாவை மிக ஆழமாக ஆராயும் பகுதி யோபுவின் வரலாறு. மக்களையும் செல்வத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபு சாம்பலில் அமர்ந்து இறைவனிடமே முறையிடுகிறார். தம்மை இறைவன் காரணமின்றி வதைப்பதாகக் கூறுகிறார். நேருக்கு நேர் வழக்காடவும் அழைக்கிறார். ஆறுதல் கூற வந்த நண்பர்கள் மூவரும் அதிர்ச்சியடைகின்றனர். இறைவன் நீதியானவர், ஆகவே யோபு பாவம் செய்திருக்க வேண்டும் என்று அழகிய சொற்களால் வாதிடுகின்றனர்.

இறுதியில் இறைவன் புயலின் நடுவிலிருந்து பேசுகிறார். படைப்பின் பேரளவைக் கண்ட யோபு தம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, அறியாததைப் பேசியதாக ஒப்புக்கொள்கிறார். ஆயினும் இறைவனின் சினம் நண்பர்கள்மீதே செல்கிறது. தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபுவே, அவர்களல்லர் என்று அவர் தீர்ப்பளிக்கிறார். அவர்களுக்காக யோபுவே வேண்டிக்கொள்ள வேண்டும் என்றும் பணிக்கிறார்.

காரணம் என்ன? நண்பர்கள் இறைவனைப் பற்றி மட்டுமே பேசினர். ஒருமுறையேனும் அவரிடம் பேசவில்லை. துன்புறும் மனிதனை வீழ்த்துவதற்கு இறைவனின் பெயரைக் கருவியாக்கினர். யோபுவின் சொற்கள் கடுமையானவை. ஆனால் அவர் முகம் இறைவனை விட்டுத் திரும்பவே இல்லை. பக்தனின் அழுகை நிந்தனையன்று; பிறர் துன்பத்தின்மீது நின்று செய்யும் துதியே நிந்தனை.

யாரிடம் பேசுகிறோம்?

ஸ்பெயின் நாட்டு கார்மேல் துறவி ஆவிலாவின் புனித தெரேசா (1515–1582) பிரார்த்தனையை நண்பருடன் தனிமையில் உரையாடுவதாக விளக்கினார். அதே தெரேசா தம் நூல்களில் இறைவனை அரசர்க்குரிய 'மாட்சிமை' என்ற பட்டத்தால் ஓயாது குறிப்பிடுகிறார். யாரிடம் பேசுகிறோம், பேசுகின்ற நாம் யார் என்று எண்ணாமல் உதடுகள் எவ்வளவு அசைந்தாலும் அது பிரார்த்தனையாகாது என்று 1577-இல் எழுதிய நூலில் எச்சரிக்கிறார்.

கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் விசுவரூபத்தைக் கண்ட அர்ஜுனன், தோழன் என்றெண்ணி உரிமையோடு அழைத்ததற்கெல்லாம் மன்னிப்பு வேண்டுகிறான். பகவான் அந்த நட்பை விலக்கவில்லை. பழகிய இனிய வடிவிலேயே மீண்டும் காட்சி தந்து அவனைத் தேற்றுகிறார். மகிமையை உணர்ந்த பின்னரும் உறவு நிலைத்தது.

ஆகவே, பிறருடைய பிரார்த்தனைச் சொற்களை எடைபோடுவது சாதகனின் வேலையன்று. தன் நாவில் திருப்பெயர் எழும்போது உள்ளம் அங்கே இருக்கிறதா, அப்பெயரால் யாரேனும் காயப்படுகிறார்களா என்று அவன் பார்க்கட்டும். உள்ளம் இறைவன்முன் நிற்குமானால், 'தலைவரே' என்ற அழைப்பில் அன்பும் 'அப்பா' என்ற அழைப்பில் வணக்கமும் தாமே வந்து சேரும்.