கல்லாவை மூடிய பிறகு: பள்ளிச் சந்தையில் கடை போட்டவர்களுக்கு

பள்ளிச் சந்தை முடிந்த மறுநாள் வகுப்பில் ஒரு பக்கம் அனுபவக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். பாதி நோட்டுகளில் ஒரே வாக்கியம் இருக்கும்: ‘இந்தச் சந்தையின் மூலம் தலைமைப் பண்பு, கூட்டு முயற்சி, தன்னம்பிக்கை ஆகியவற்றைக் கற்றுக்கொண்டோம்.’ கடையே போடாதவர்கூட இதை எழுதிவிடலாம். சுண்டல் விற்றவரும் காகிதப் பை விற்றவரும் ஒரே மாதிரி எழுதினால், அந்தப் பக்கத்தில் அவர்கள் போட்ட கடை எங்கே இருக்கிறது?

கடை போடுவது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். போட்ட கடையைத் திரும்பிப் பார்ப்பது எப்படி என்று சொல்லத்தான் ஆள் குறைவு. மூன்று மணி நேரச் சந்தையில் கூட்டமும் சத்தமுமாக எல்லாம் ஓடிவிடும். அதில் என்ன நடந்தது என்பது உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியவரும். பத்தாம் வகுப்போ பிளஸ் ஒன்னோ, ஒருமுறை இதை ஒழுங்காகச் செய்த பிள்ளைக்குப் பிற்காலத்தில் எந்த அலுவலகத்திலும் அது கைகொடுக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அன்று இரவே கணக்கு

முதல் வேலை, கல்லாவை எண்ணுவது. காலையில் சில்லறைக்காகப் போட்ட பணத்தை முதலில் எடுத்துத் தனியே வையுங்கள். அது விற்பனை ஆகாது. மீதி ரொக்கத்தோடு கியூ.ஆர். அட்டை வழியாக வந்ததைக் கூட்டுங்கள். பெரும்பாலும் அந்த அட்டை ஆசிரியருடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்கும். அவர்களிடம் அன்றைய வரவுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு வந்தது என்று நிமிடக் கணக்கோடு அதில் இருக்கும். விற்ற எண்ணிக்கையும் கையில் இருக்கும் பணமும் ஒத்துப்போகவில்லை என்றால், இடிக்கும் தொகையை அப்படியே எழுதுங்கள். பையிலிருந்து போட்டுச் சரிக்கட்ட வேண்டாம். எங்கே விட்டோம் என்று தேட அந்தத் தொகைதான் ஒரே தடயம்.

அடுத்தது அடக்க விலை. பள்ளிச் சந்தையில் அதிகம் தவறுவது இங்கேதான். ஒரு சுண்டல் கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கொண்டைக்கடலை 2 கிலோ 200 ரூபாய், தேங்காயும் மாங்காயும் 70, எண்ணெயும் தாளிப்புச் சாமானும் 40, தொன்னை 40-க்கு 60, கேஸுக்கு 30. மொத்தம் 400 ரூபாய். கடலை ஊறி வெந்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகும்; தொன்னைக்கு 100 கிராம் வைத்தால் 40 தொன்னை தாராளமாகத் தேறும். ஆக ஒரு தொன்னையின் அடக்க விலை 10 ரூபாய். 15 ரூபாய்க்கு விற்கிறீர்கள். 32 தொன்னை போகிறது, 8 மிச்சம். கல்லாவில் 480.

இப்போது லாபம் எவ்வளவு? கடலையும் எண்ணெயும் தாளிப்பும் கேஸும் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தவை. கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கியது தேங்காய், மாங்காய், தொன்னை மட்டும்; 130 ரூபாய். அதைக் கழித்துவிட்டு ‘லாபம் 350’ என்று பலகையில் எழுதிவிடுகிறார்கள். கைதட்டலும் கிடைத்துவிடுகிறது. உண்மையான லாபம் 80. மீதி 270 ரூபாய் அம்மா போட்ட முதல். அதைத் திருப்பித் தர வேண்டும்; அவர் வேண்டாம் என்றால் ‘வீட்டின் பங்களிப்பு’ என்று தனி வரியில் காட்ட வேண்டும். லாபத்தில் சேர்க்கக் கூடாது.

இன்னும் ஒரு படி போங்கள். 15 ரூபாய் வீதம் விற்றால் 27-ஆவது தொன்னை போகும்போதுதான் போட்ட 400 முழுதாகத் திரும்பி வருகிறது. அதுவரை லாபம் என்ற பேச்சே இல்லை. பிறகு நேரத்தைக் கணக்கில் எடுங்கள். நாலு பேர், ஆளுக்கு ஐந்து மணி நேரம்: சாமான் வாங்கியது, அவித்தது, விற்றது, பாத்திரம் கழுவியது. 20 மணி நேரத்துக்கு 80 ரூபாய்; மணிக்கு நாலு ரூபாய். இந்த எண்ணைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். தெருமுனையில் சுண்டல் விற்பவர் ஏன் தினம் அதே இடத்தில், அதே நேரத்தில் நிற்கிறார், ஏன் ஒரு தொன்னைகூட மிஞ்சாத அளவுக்கு மட்டும் அவிக்கிறார் என்பதெல்லாம் இந்த நாலு ரூபாயைப் பார்த்த பிறகு விளங்கும்.

யார் வாங்கினார்கள், யார் திரும்பிப் போனார்கள்

விற்ற எண்ணிக்கை ஒரு பாதிதான். வாங்கியவர் யார் என்பது மறு பாதி. முதல் போணி வகுப்பாசிரியர், அடுத்து அப்பா, அதற்கடுத்து அத்தை, பிறகு பக்கத்து பெஞ்சுத் தோழிகள். இவர்கள் உங்களுக்காக வாங்கியவர்கள். உங்கள் சரக்குக்காக வாங்கியவர்களைத் தனியே எண்ணுங்கள்: பெயர் தெரியாத ஏழாம் வகுப்புப் பையன், வேறு பிரிவு மாணவி, ஒருமுறை சாப்பிட்டுவிட்டு இரண்டாம் முறை வந்தவர். 32-இல் இவர்கள் எத்தனை பேர்? இந்த எண் சின்னதாக இருந்தால் சரக்கிலோ விலையிலோ இடத்திலோ ஏதோ சரியில்லை. பெரிதாக இருந்தால் பள்ளிக்கு வெளியேயும் யோசிக்கலாம்.

‘கேட்டார்கள், இல்லை’ என்று ஒரு பட்டியல் வையுங்கள். காரம் இல்லாமல் கிடைக்குமா என்று கேட்டவர், பத்து ரூபாய்க்குப் பாதி கொடுங்கள் என்றவர், 100 ரூபாய் நோட்டை நீட்டிச் சில்லறை இல்லாமல் போனவர். வராத பணத்தைக் கல்லா காட்டாது. இந்தப் பட்டியல் காட்டும். சந்தை நடக்கும்போதே ஒருவர் நோட்டும் பென்சிலுமாக நின்று குறித்தால் நல்லது. விட்டுப்போயிருந்தால் அன்றே நாலு பேரும் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிவிடுங்கள். மறுநாள் பாதி மறந்துபோகும்.

நேரத்தையும் பாருங்கள். இடைவேளை மணி அடித்ததும் கூட்டம் மொய்த்ததா, கடைசி அரை மணி ஈ ஓட்டினீர்களா? மிச்சமான 8 தொன்னையைக் கடைசியில் 10 ரூபாய்க்குக் கொடுத்திருந்தால் இன்னும் 80 ரூபாய் வந்திருக்கும். லாபம் அப்படியே இரட்டிப்பு. சுண்டல் மறுநாளுக்கு நிற்காது, அதனால் முடியும் நேரத்தில் விலையை இறக்குவதில் தவறில்லை. அதே நேரத்தில் பக்கத்துக் கடைக்காரர் காகிதத் தோட்டின் விலையையும் இறக்கினார் என்றால் அவர் அவசரப்பட்டுவிட்டார். தோடு அடுத்த மாதமும் விற்கும். கெடும் சரக்கு, நிற்கும் சரக்கு என்ற இந்த வித்தியாசத்தை ஒரே நாளில் கண்ணால் பார்க்க முடிவது பள்ளிச் சந்தையில்தான்.

சட்டம் சார்ந்த மூன்று விஷயங்களையும் உங்கள் குறிப்பில் சரிபாருங்கள். பாக்கெட் பிஸ்கட்டையோ சிப்ஸையோ வாங்கி, அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் இரண்டு ரூபாய் வைத்து விற்றிருந்தால் அது விதிமீறல். சந்தை பள்ளிக்குள் நடந்தது என்பதால் விலக்கு இல்லை. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குவளையும் பையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. தொழில் செய்பவருக்கு இவையெல்லாம் அன்றாடம். பதினைந்து வயதில் தெரிந்துகொண்டால் சுமையாகத் தெரியாது.

சண்டையையும் எழுதுங்கள்

விடிகாலையில் எழுந்து கடலை அவித்தவள் ஒருத்தி. பத்து மணிக்கு வந்து கல்லாவில் உட்கார்ந்தவன் ஒருவன். நோட்டில் மட்டும் ‘எல்லோரும் ஒற்றுமையாக உழைத்தோம்’. இதை ஆசிரியர்களும் விட்டுவிடுகிறார்கள், பிள்ளைகள் மனம் நோகக் கூடாதே என்று. எனக்கு இதில் உடன்பாடில்லை. மனத்தாங்கலை மூடிவைத்தால் அந்த நட்புதான் முதலில் கெடும்.

அமெரிக்க ராணுவம் 1970-களில் பயிற்சிக்குப் பிந்தைய கலந்தாய்வுக்கு ஒரு முறை வகுத்தது. பிறகு நிறுவனங்களும் மருத்துவமனைகளும் அதை எடுத்துக்கொண்டன. கேள்விகள் நாலே நாலு: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம்? என்ன நடந்தது? ஏன் அப்படி ஆனது? அடுத்த முறை எதை அப்படியே வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது? அந்தக் கூட்டத்தில் பதவி பார்க்கக் கூடாது. சிப்பாய் அதிகாரியிடம் நேராகச் சொல்லலாம். உங்கள் குழுவிலும் அப்படியே: தலைவி முதலில் பேச வேண்டாம், அதிகம் பேசாதவர் தொடங்கட்டும்.

ஆளைச் சொல்லாமல் முடிவைச் சொல்லுங்கள். ‘கார்த்திக் சோம்பேறி’ என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ‘யார் எத்தனை மணிக்கு வருவது என்று நாம் முன்கூட்டியே எழுதிவைக்கவில்லை’ என்றால் அடுத்த முறை செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. சண்டையும் சச்சரவுமாக முடிந்த கடைகளில் பலவற்றுக்கு, பணத்தை எப்படிப் பிரிப்பது என்று முதல் நாளே பேசாததுதான் காரணம். உங்களுடையதும் அப்படியா என்று பாருங்கள்.

நேர்காணலில் இது எப்படி உதவும்

மூன்று நாள் கழித்து, கையில் இந்தக் கணக்கும் பட்டியலும் இருக்க, அனுபவக் கட்டுரையை எழுதுங்கள். இப்போது ‘தன்னம்பிக்கை கற்றேன்’ என்று எழுத உங்களுக்கே மனம் வராது. இப்படி வரும்: ‘இடைவேளையில் வரிசை நீண்டது. பரிமாற மூன்று பேர், காசு வாங்க நான் ஒருத்தி. ஆறு பேர் காத்திருக்காமல் போனார்கள். மதியம் பரிமாறுபவர்களில் ஒருத்தியைக் காசு வாங்கும் பக்கம் மாற்றினேன், வரிசை கரைந்தது.’ தலைமைப் பண்பு என்ற சொல்லே இதில் இல்லை. ஆனால் படிப்பவருக்கு அது தெரிகிறது.

கல்லூரி சேர்க்கையிலும் முதல் வேலை நேர்காணலிலும் வரக்கூடிய ஒரு கேள்வி: ‘நீங்களே எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள், அது தவறியதா பலித்ததா?’ இருபத்தோரு வயதில் பலருக்கு இதற்குப் பதில் இருப்பதில்லை. எட்டு தொன்னை மிஞ்சிய கதை அதற்கு நல்ல பதில். எண்ணோடு சொல்லுங்கள், காரணத்தோடு சொல்லுங்கள், இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். நட்டத்தை மறைக்க வேண்டாம். கேட்பவர் தேடுவது லாபக் கணக்கையல்ல. நடந்ததை நேராகப் பார்க்கத் தெரிந்த ஆளை.

எந்த வேலையில் உங்களுக்கு நேரம் போனதே தெரியவில்லை என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். கடலை எந்தக் கடையில் மலிவு என்று நாலு கடை ஏறி இறங்கியது பிடித்திருந்தால், கொள்முதலும் சரக்குப் போக்குவரத்தும் தனித் துறைகள், அவற்றுக்குப் படிப்பும் உண்டு. பலகை எழுதி வண்ணம் தீட்டியதில் மூழ்கியவருக்கு வடிவமைப்புப் படிப்புகள் இருக்கின்றன. அடக்க விலை போடுவதில் ஆர்வம் பிறந்தவருக்கு அதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது: 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் செலவுக் கணக்காளர் நிறுவனம் நடத்தும் சி.எம்.ஏ. படிப்பு. பிளஸ் டூ முடித்ததும் அதன் அடித்தளத் தேர்வை எழுதலாம். ஒரு நாள் கடையை வைத்து வாழ்க்கையை முடிவுசெய்துவிடாதீர்கள். ஆனால் பிளஸ் டூ முடித்து என்ன படிப்பது என்று வீட்டில் பேச்சு வரும்போது அந்த ஒரு வரி பயன்படும்.

ஆசிரியர்களுக்கு

அதிக லாபம் காட்டிய கடைக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பரிசு, செலவை மறைக்கவும் அப்பாவை நாலு முறை வாங்க வைக்கவும்தான் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறது. கணக்கு மிக நேர்த்தியாக இருந்த கடைக்குக் கொடுங்கள். அது நட்டக் கடையாக இருந்தாலும்.

முதல் போட முடியாத வீட்டுப் பிள்ளையை நினையுங்கள். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2021-இல் தொடங்கிய ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ திட்டத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் விதைப் பணம் கொடுத்தார்கள். ஒரு பள்ளி அவ்வளவு கொடுக்க முடியாது. ஒவ்வொரு குழுவுக்கும் 400 ரூபாய் கடனாகக் கொடுத்து, விற்றதும் திருப்பி வாங்கலாம். எல்லாக் கடையும் ஒரே கோட்டிலிருந்து தொடங்கும். வீட்டு அலமாரியைக் காலி செய்யும் பழக்கமும் நிற்கும்.

குறிப்பேடுகளைத் திருத்திய பிறகு கட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள். எந்தச் சரக்கு, எந்தக் கடையில், என்ன விலைக்கு வாங்கியது, எத்தனை விற்றது, எத்தனை மிஞ்சியது, கேட்டு இல்லாமல் போனது எது என்று கடைக்கு ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கங்களை அடுத்த ஆண்டுக் குழுவிடம் கொடுங்கள். எத்தனை கிலோ கடலை ஊற வைப்பது என்பதுதான் அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி.